போகாத ஊருக்கு வழி: ஸ்கைரிம் என்னும் திறந்த உலகம்

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சுந்தரர் நினைவு வரும். திருமுதுகுன்றத்து இறைவன் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் அவர். 'ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது' என்ற சொலவடையின் பிறப்பிடம் எங்கள் ஊர்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்' என்ற கணினி விளையாட்டில், வரைபடத்தில் ஓர் ஊரைத் தொட்டவுடன் என் ஆள் அங்கே போய் நின்றதை முதன்முதலாகப் பார்த்தபோது இந்தக் கதைதான் மனத்தில் ஓடியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுந்தரர் கதையில் தாவியது பொன்தான், ஆள் அல்ல. ஆள் ஊர் ஊராகக் கோயில்களைப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஸ்கைரிமில் ஆள் தாவுகிறார், சுமை தோளிலேயே இருக்கிறது. சுமை அளவு மீறினால் தாவவும் முடியாது. இந்த விளையாட்டின் நிறைகுறைகளைப் பல ஆண்டுகளாக எடைபோட்டுப் பார்த்த பிறகும், என் கேள்வி இந்த இடத்துக்கே திரும்பி வருகிறது: ஒரு பெரிய உலகத்தைக் கட்டி வைத்துவிட்டு, அதை நடக்காமல் கடக்கவும் வழி வைப்பது ஏன்?

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. செய்தது அமெரிக்காவின் மேரிலாந்தில் இருக்கும் பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸ், இயக்கியவர் டாட் ஹோவர்ட். 1994இல் 'அரீனா'வுடன் தொடங்கிய வரிசையில் இது ஐந்தாவது. 2023இல் ஹோவர்ட் சொன்ன கணக்குப்படி ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கணினி விளையாட்டில் பத்தாண்டு என்பது ஒரு தலைமுறை. அதைத் தாண்டியும் ஆடப்படும் ஒன்றைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் அதை ஐந்நூறு மணி நேரம் ஆடியவர்களாகவே இருக்கிறார்கள். நானும் அப்படி ஒருவன்தான்.

முதலில் அதன் பலம். அது நிலம். கைகள் கட்டப்பட்ட கைதியாக ஒரு மாட்டு வண்டி போன்ற வண்டியில் தொடங்குகிறது கதை. தலை வெட்டுப்படப் போகும் நேரத்தில் கறுப்பு டிராகன் ஒன்று வந்து ஊரை எரிக்கிறது. தப்பிக் குகைக்குள் ஓடி, மறுபக்கம் வெளியே வருகிறோம். பனி மூடிய மலை, பைன் மரங்கள், தூரத்தில் பாழடைந்த கற்கோயில், கீழே ஆறு. துணைக்கு வந்தவர் பக்கத்து ஊருக்குப் போகலாம் என்கிறார். போகலாம், போகாமலும் இருக்கலாம். கண்ணில் படும் எந்த மலைக்கும் கால் போகும். 'போகாத ஊருக்கு வழி சொல்வது' என்று வீண் பேச்சைத் திட்டுவது நம் வழக்கம். இந்த விளையாட்டு போகாத ஊர்களுக்கெல்லாம் உண்மையாகவே வழி போட்டு வைத்திருக்கிறது.

இந்த நிலம் அப்படியொன்றும் பெரிதல்ல. நாற்பது சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இதே வரிசையில் 1996இல் வந்த 'டாகர்ஃபால்' ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் என்பார்கள். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். நம் மாநிலத்தைவிடப் பெரிய அந்த உலகத்தைக் கணினியே கணக்குப் போட்டு உருவாக்கியது. ஒரு ஊரைப் பார்த்தால் மற்ற ஊர்களையும் பார்த்த மாதிரிதான். ஸ்கைரிம் சிறியது. ஆனால் ஒரு பாறையின் திருப்பத்தில் என்ன தெரிய வேண்டும், எந்த மேட்டில் ஏறியதும் ஏரி கண்ணில் விழ வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருப்பது தெரிகிறது.

பீங்கான் ஊரில் வளர்ந்தவனுக்கு இது வேறு விதமாகப் புரியும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்தான் எங்கள் ஊர்த் தொழிலுக்கு உயிர். களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும், களி ஓரமாகப் படியும். பிரித்தெடுத்து, இரண்டு பாதியும் சேர்ந்த இடத்துத் தழும்பைக் கத்தியால் சுரண்டி, காயவைத்துச் சூளையில் அடுக்குவார்கள். ஒரே அச்சில் நூறு பிள்ளையார் வரும். நூறும் ஒன்றாக இருக்காது. தழும்பைச் சுரண்டிய கை வேறு, கண் எழுதிய கை வேறு. கொலுவுக்குப் பொம்மை வாங்குகிறவர்கள் பத்தைப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பது அதனால்தான்.

ஸ்கைரிமின் சுரங்கங்களும் கல்லறைகளும் இதே முறையில் செய்யப்பட்டவை. சுவர், தூண், படிக்கட்டு, வளைவு எனத் துண்டு துண்டாக அச்சு செய்துவைத்துக்கொண்டு, அவற்றைக் கோத்து அறைகளைக் கட்டுகிறார்கள். முந்தைய 'ஆப்ளிவியன்' (2006) ஆட்டத்தில் நிலவறைகளைக் கலைக்குழுவில் ஒருவர் கவனித்தார். ஸ்கைரிமில் எட்டுப் பேர் சேர்ந்து சுமார் 150 நிலவறைகளைச் செய்தார்கள். ஒருவர் எட்டுப் பேரானதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. துண்டுகள் அதேதான், ஆனால் தழும்பைச் சுரண்டிய கைகள் வேறு வேறு.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு, வடகடற்கரையில் இருக்கும் ஃப்ராஸ்ட்ஃப்ளோ கலங்கரை விளக்கம். அங்கே போகச் சொல்லி யாரும் நம்மை அனுப்புவதில்லை. கதவைத் திறந்தால் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க ஒரு குடும்பம் தெரிய வருகிறது. அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். மகன் பெயர் மணி. அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபோது நான் சற்று நேரம் அசையாமல் இருந்தேன். எந்த ஊர்க் கற்பனையிலோ பிறந்த பையன், எங்கள் தெருப் பையன் போல ஆகிவிட்டான். வீட்டுக்கு அடியில் சுவர் உடைந்து குகை திறந்திருக்கிறது. உள்ளே போனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று தெரியும். தான் இறந்தால் தன் உடலைக் கலங்கரை விளக்கத் தீயில் இட வேண்டும் என்று அப்பா எழுதி வைத்திருக்கிறார். குகையின் அடியில் இருக்கும் பெரும்பூச்சியைக் கொன்றால் அதன் வயிற்றில் அவருடைய எச்சம் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறித் தீயில் இட்டால், சிறு வரம் ஒன்று வந்து சேரும். இதைச் செய் என்று எந்தக் குறிப்பேடும் சொல்லாது, எந்த அம்பும் காட்டாது. படித்தவர், இரங்கியவர் மட்டுமே செய்வார். திறந்த உலக விளையாட்டு என்ற வடிவத்தால் மட்டுமே தொடக்கூடிய உயரம் இது. நாவலில் இதைப் படித்திருப்போம், சினிமாவில் பார்த்திருப்போம். இங்கே அந்த எச்சத்தைக் கையில் ஏந்தி நாம் படியேறுகிறோம்.

இப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்தவர்கள் மனிதர்களைச் செய்யும்போது ஏன் தடுமாறினார்கள்?

'ரோல் பிளேயிங்' என்பதற்குத் தமிழில் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: வேஷம் கட்டுவது. எங்கள் கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பல நாள் ஊரே பாரதமாகிவிடும். பகலில் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு வேஷக்காரர் பனைமர உயரக் கம்பத்தில் ஏறுவார். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஆள்போல் அல்ல, மேடுபோல் படுத்திருப்பான். வேஷம் கட்டியவருக்கு விரதம் உண்டு. துரியோதனன் வேஷம் கட்டியவர் அன்றிரவு தர்மனாக முடியாது. வேஷம் என்பது ஒன்றை ஏற்பது, அதனாலேயே மற்றதை விடுவது.

ஸ்கைரிமில் எதையும் விட வேண்டியதில்லை. வின்டர்ஹோல்டு மந்திரக் கல்லூரியின் தலைமைப் பதவியைக் கையில் வாளோடு, விரல் விட்டு எண்ணும் மந்திரங்களோடு அடைந்துவிடலாம். அதே ஆள் வீரர் சங்கத்தின் தலைவர், திருடர் சங்கத்தின் தலைவர், கொலைகாரக் கூட்டத்தின் தலைவர். இத்தனை பதவிகளும் ஒருவரிடமே இருப்பதை யாரும் கேட்பதில்லை. தலைவரான மறுநாளும் வாசல் காவலர் பழைய தொனியிலேயே பேசுகிறார். பதினெட்டுத் திறன்களில் எதையும் எப்போதும் வளர்க்கலாம் என்ற ஏற்பாடு, பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் கை தேறும் என்ற அழகான எண்ணத்தில் பிறந்தது. வாள் வீசினால் வாள் திறன் ஏறும், பூட்டைத் திறந்தால் பூட்டுத் திறன் ஏறும். அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் உலகம் எதையும் மறுக்காதபோது, தேறிய கைக்கு மதிப்புக் குறைகிறது.

உள்நாட்டுப் போர்க் கதை இதன் உச்சம். பேரரசா, புயல்மேலங்கிக் கிளர்ச்சியாளர்களா என்று நம்மைக் கேட்கிறது விளையாட்டு. இரு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது, இரு பக்கத்திலும் கறை இருக்கிறது. எழுத்தாக அது நன்றாகவே அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் சேர்ந்து கோட்டைகளைப் பிடித்து வென்றால், அரியணையில் இருப்பவரும் காவலர் சீருடையும் மாறுகின்றன. சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணின் பேச்சில் அந்தப் போர் அநேகமாக ஒரு சுவடும் விடுவதில்லை. ஊர் இரண்டுபட்டதன் வலி என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது பெரும் ஏமாற்றம்.

2002இல் வந்த 'மோரோவிண்ட்' இப்படி அஞ்சவில்லை. கதைக்குத் தேவையானவரையும் அங்கே நாம் கொன்றுவிடலாம். விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்பு, இல்லையென்றால் நீயே கெடுத்த உலகில் வாழ்ந்துகொள் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மட்டும் வரும். ஸ்கைரிமில் முக்கியமானவர்கள் சாக மாட்டார்கள். மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். நமக்கு இழப்பு வரக் கூடாது என்ற அக்கறை அது. ஆனால் இழக்க முடியாத ஒருவர்மேல் அன்பு வைப்பது எப்படி?

ஓர் இடத்தில் மட்டும் விளையாட்டு நிமிர்ந்து நிற்கிறது. பார்தர்னாக்ஸ் என்ற கிழட்டு டிராகன் மலையுச்சியில் தவம் இருக்கிறது. பழைய கொடுமைகளில் அதற்குப் பங்கு உண்டு. இப்போது அது நமக்கு ஆசான். நமக்கு உதவிய சங்கத்தார் அதைக் கொல்லச் சொல்கிறார்கள். மறுத்தால் உறவு முறிந்தது. சமரசமில்லை. ஆட்டக்காரர்கள் இதைத் தாங்க முடியாமல், இருவரையும் சமாதானப்படுத்தும் ஒரு மாற்றத்தைத் தாங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கதவு மூடியே இருக்கட்டும்.

இப்போது அம்புக்கு வருகிறேன். மோரோவிண்டில் ஒருவர் வழி சொன்னால், பாலத்தைத் தாண்டி இடதுபக்கம் திரும்பி, பிளந்த பாறை வரை போ என்று நம்மூர் ஆட்கள் சொல்வது போலச் சொல்வார். குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும், தவறிப்போய் வேறெங்கோ நிற்கவும் நேரும். ஆப்ளிவியன் திரையின் ஓரத்தில் திசைகாட்டியையும் அம்பையும் வைத்தது, ஸ்கைரிம் அதைத் தொடர்ந்தது. அம்பை அணைத்துவிட்டு ஆடலாமே என்பார்கள். செய்து பார்த்தேன். வேலை கொடுப்பவர்கள் இடத்தின் பெயரை மட்டும் சொல்கிறார்கள், வழி சொல்வதில்லை. அம்பு இருக்கிறதே என்று வசனம் எழுதியவர்கள் வழியை எழுதாமல் விட்டார்கள். கருவி மொழியைத் தின்றுவிட்டது. அம்பையும் பார்த்து, வரைபடத்தில் தாவவும் தாவினால், யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டிய நிலம் கண்ணில் படாமலே முழு ஆட்டமும் முடிந்துபோகும். தாவலையாவது நாமே விட்டுவிடலாம். ஊருக்கு ஊர் குதிரை வண்டி இருக்கிறது. அதில் மட்டும் ஏறி, மற்றபடி நடந்தால் ஸ்கைரிம் வேறு விளையாட்டாகிறது.

சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாள் காற்றில் வீசுவது போல எடையில்லாமல் இருக்கும். ஒளிந்திருந்து அம்பெய்வது எல்லாவற்றையும்விட எளிது என்பதால் எந்த வேஷத்தில் தொடங்கியவரும் கடைசியில் வில்லாளியாகவே முடிகிறார். கல்லறைக் கதவைத் திறக்கும் நகக்கைச் சாவியின் புதிருக்கு விடை அந்தக் கையின் உள்ளங்கையிலேயே பொறித்திருக்கும். முதல்முறை அது கண்டுபிடிப்பு, நான்காம் முறை வெறும் வழக்கம்.

பிழைகள் ஏராளம். கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டால் அவர் கண் மறைந்துவிடும், கடையையே காலி செய்யலாம். இது பொருட்களுக்கெல்லாம் உண்மையான உருவமும் பார்வைக்கு உண்மையான தடையும் இருப்பதால் நிகழ்வது. இத்தகைய பிழையை நான் பிழையாக எண்ணுவதில்லை. பிளேஸ்டேஷன் 3இல் சேமிப்புக் கோப்பு பெருகப் பெருக ஆட்டமே தவழத் தொடங்கியதை அப்படி மன்னிக்க முடியாது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நான் ஆடத் தொடங்கியது 2012இல். மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் போன காலம் அது. நெய்வேலி அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம். கதவைத் தாண்டினால் ஸ்கைரிம் தானே சேமித்துக்கொள்ளும். அதனால் மின்சாரம் போகும் நேரம் நெருங்கினால், அருகில் எந்த வீடு இருந்தாலும் கதவைத் திறந்து உள்ளே நுழைந்துவிடுவேன். அப்படி நுழைந்த வீடுகளில் எத்தனையோ புத்தகங்களைப் படித்தேன். அந்த உலகத்துக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. சிறுகதை, நாடகம், வம்சாவளி, ஒன்றையொன்று மறுக்கும் வரலாறுகள். எழுபதுக்கு மேற்பட்ட குரல் நடிகர்கள் பேசிய வசனங்களில் வராத ஆழம் அந்தச் சிறு ஏடுகளில் இருக்கிறது.

ஸ்கைரிம் இன்னும் உயிரோடிருப்பதற்குப் பாதிக் காரணம் அதைச் செய்தவர்கள் அல்ல, ஆடியவர்கள். 2012 பிப்ரவரியில் பெதஸ்டா தன் பட்டறைக் கருவியையே எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அச்சைக் கொடுத்துவிட்டு, உங்கள் களியை ஊற்றிக்கொள்ளுங்கள் என்பது போல. ஆட்டக்காரர்கள் பிழைகளைத் திருத்தினார்கள், மலைகளுக்கு மெருகேற்றினார்கள், 'எண்டரல்' போல முழுப் புதிய உலகங்களையே கட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் நிக் பியர்ஸ் எழுதிய 'தி ஃபர்காட்டன் சிட்டி' என்ற மோட் (ஆட்டக்காரர் எழுதிச் சேர்க்கும் மாற்றம்), 2016இல் அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்றது. 2021இல் தனி விளையாட்டாகவே வெளிவந்தது. இந்த மோட்களை விலைக்கு விற்கும் ஏற்பாடு 2015 ஏப்ரலில் வந்தபோது எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. உழைத்தவருக்குக் கூலி வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அன்றைய ஏற்பாட்டில் உழைத்தவருக்குப் போனது கால் பங்குதான். எதிர்த்தவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

பின்னால் வந்தவர்கள் ஸ்கைரிமின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். போலந்தின் 'விட்சர் 3' (2015) மனிதர்களை எடுத்துக்கொண்டது. குடித்துக் குடும்பத்தை அழித்த ஒரு பிரபுவின் கதையில் நாம் எடுக்கும் முடிவு, பல மணி நேரம் கழித்து வேறோர் இடத்தில் பிணமாக நம்மைச் சந்திக்கும். ஜப்பானின் 'எல்டன் ரிங்' (2022) அம்பைத் தூக்கி எறிந்தது. உன்னால் இப்போது முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தது. ஆனால் அங்கே ஊர் இல்லை, சந்தை இல்லை, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கப் போகும் சாதாரண ஆட்கள் இல்லை. அந்தி சாயும்போது கடையை மூடிவிட்டு வீட்டுக்கு நடக்கும் கடைக்காரரைப் பார்க்க நான் இன்னும் ஸ்கைரிமுக்குத்தான் திரும்புகிறேன்.

ஒரு மனக்குறையும் உண்டு. இந்த விளையாட்டுக்காக டிராகன்களுக்கு ஒரு மொழியையே உருவாக்கினார்கள். 34 எழுத்துகள். நகத்தால் கீறி எழுதுவதற்கு ஏற்ற வடிவம். நம் எழுத்துகள் ஓலையும் எழுத்தாணியும் பழக்கிய வளைவுகள் என்பார்களே, அதேபோல எழுதும் கருவியிலிருந்தே வரிவடிவத்தை யோசித்திருக்கிறார்கள். தலைப்புப் பாடலை அந்த மொழியிலேயே பாடவும் வைத்தார்கள். இல்லாத மொழிக்கு இவ்வளவு அன்பு. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழில் அந்த முந்நூறு புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படிக்க முடியாது.

நம் மண்ணும் மொழியும் விளையாட்டாகும் நாள் வரக்கூடியதுதான் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த 'ராஜி' (2020) திறந்த உலகம் அல்ல, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் நிழற்பாவைக்கூத்து வடிவில் கதை சொல்லி, நம் கோயில்களையும் கோட்டைகளையும் நடக்கக்கூடிய இடங்களாக்கியது. டொரொண்டோவின் விசை கேம்ஸ் செய்த 'வெண்பா' (2023) கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை யூகித்து இட்லி அவிக்கிறோம். 2024இல் சுதந்திர விளையாட்டுகள் விழாவின் முதன்மைப் பரிசும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. நாற்பது சதுர கிலோமீட்டர்கூட வேண்டாம் என்று அந்தச் சமையலறை எனக்குச் சொன்னது.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் வீராணம் ஏரி இருக்கிறது. கல்கி 1950இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியது அதன் கரையில்தான். ஆடிப்பெருக்கு நாள். கதையின் வீரன் வந்தியத்தேவனிடம் சேர்க்க வேண்டிய ஓலை இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. ஆனாலும் எழுபத்து நான்கு கணவாய்களில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு குதிரையை மெல்ல விடுகிறான். போகிற வழியில் நண்பன் வீடு இருக்கிறதென்று கடம்பூரில் இறங்குகிறான், அங்கே கேட்கக் கூடாததைக் கேட்கிறான். அந்த ஏரிக்கரையை மட்டும், கடம்பூர் வரைக்கும் மட்டும், யாராவது களியெடுத்துக் கையால் செய்து கொடுத்தால் போதும். ஓரத்தில் அம்பு வேண்டாம். கரையில் நிற்கும் பெண்களிடம் வழி கேட்டுக்கொள்கிறேன்.